தில்லிச் சாப்பாட்டுக்கு மாறும்போது உடம்பு என்ன செய்யும்? படிப்படியாகக் கவனிக்க ஒரு வழிகாட்டி

படிப்பு, வேலை, மாற்றல் என்று ஊரிலிருந்து தில்லிக்கு வருகிற நம்மவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் புகார் ஒன்றுதான்: "தண்ணி ஒத்துக்கலை." ஓல்ட் ராஜிந்தர் நகரில் பி.ஜி. என்கிற வாடகைத் தங்குமிடத்தில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிற பையனும் இதைத்தான் சொல்வான், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த குடும்பமும் இதைத்தான் சொல்லும். சில சமயம் தண்ணீரே காரணமாகவும் இருக்கும். ஆனால் அதே வாரத்தில் சோறு போய் ரொட்டி வந்திருக்கிறது, இட்லி போய் ஆலு பராத்தா, நல்லெண்ணெய் போய் கடுகெண்ணெய், ஃபில்டர் காபி போய் சாய். எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் பத்து மணிக்குத் தட்டைத் தொடுகிறார்கள். இத்தனையையும் விட்டுவிட்டுத் தண்ணீர் மேல் பழி போட்டால் எப்படி?

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ள முதலிலேயே லேபுக்கு ஓட வேண்டாம். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். அதிலும் கடிகாரம்தான் முக்கியம். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

முதல் படி: என்னென்ன மாறியது என்று எழுதுங்கள்

உட்கார்ந்து யோசித்தால் நாம் நினைத்ததைவிட அதிகம் மாறியிருக்கும். தானியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. 100 கிராம் ஆட்டாவில், அதாவது முழுக் கோதுமை மாவில், சுமார் 11 கிராம். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று இருந்தவர் திடீரென்று இரண்டு வேளை ரொட்டிக்கு மாறினால், அந்தத் தட்டில் நார்ச்சத்து கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. நல்லதுதான். ஆனால் வயிற்றுக்கு முன்னறிவிப்பு கொடுக்கவில்லையே!

அப்புறம் கிரேவி. நம் வீட்டு சாம்பாரில் வெங்காயம் மிதக்கும். இங்கே வெங்காயத்தையும் பூண்டையும் தக்காளியையும் அரைத்து வதக்கியதுதான் கிரேவியே. போதாக்குறைக்கு ரொட்டியோடு பச்சை வெங்காயம் வேறு. பருப்பிலும் துவரை பின்னுக்குப் போய் ராஜ்மா (சிவப்பு பீன்ஸ்), சோலே (கொண்டைக்கடலை), கறுப்பு உளுந்து வருகின்றன. நாள் முழுக்கப் பால் விட்டுக் காய்ச்சிய சாய். புளியின் இடத்தில் தக்காளி, அம்சூர் என்கிற மாங்காய்ப் பொடி. இது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் சந்தேகப் பட்டியல் தயார்.

இரண்டாம் படி: நேரத்தோடு குறிப்பு எடுங்கள்

மொபைலில் எழுதினாலும் சரி, பழைய டயரியில் எழுதினாலும் சரி. "இன்னைக்கு வயிறு சரியில்லை" என்று எழுதுவதில் பயன் ஒன்றும் இல்லை. இப்படி இருக்க வேண்டும்:

காலை 8.15 – ஆலு பராத்தா 2, தயிர் ஒரு கிண்ணம், சாய்
மதியம் 1.30 – ராஜ்மா, சோறு, பச்சை வெங்காயம்
மாலை 5 – சாய், சமோசா 1
இரவு 8.40 – ரொட்டி 3, லௌக்கி (சுரைக்காய்) சப்ஜி, தயிர்
இரவு 9 – வயிறு உப்பி, வாயு. வலி இல்லை. 11.30க்கு அடங்கியது.
தண்ணீர் – ஒரு பாட்டில்தான். தூக்கம் – 1 மணிக்கு மேல்.

எவ்வளவு சாப்பிட்டோம், என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, எப்போது அடங்கியது, மலம் எப்படிப் போனது. இவ்வளவு போதும். தண்ணீரையும் தூக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். தூங்காத மறுநாள் எல்லாமே ஒத்துக்கொள்ளாததுபோல் தோன்றும். கலோரிக் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம்; அதைத் தொடங்கினால் நாலாவது நாள் நோட்டையே மூடிவிடுவீர்கள்.

மூன்றாம் படி: கடிகாரத்தைப் பின்னோக்கிப் பாருங்கள்

எங்கள் மாடியில் குடியிருந்த திருநெல்வேலிப் பையன் ஒருநாள் இரவு வந்து, "அக்கா, தயிர் எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது" என்றான்.

"எப்போ சாப்பிட்ட?"

"இப்பதான், அரை மணி இருக்கும். வயிறு கல்லு மாதிரி உப்பிக்கிச்சு."

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"மெஸ்ல ராஜ்மா சாவல். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

தயிர் தப்பித்தது. ராஜ்மா, கொண்டைக்கடலை போன்றவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடல்வரை போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகின்றன. அந்த நுண்ணுயிர்கள் இவற்றை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேனும் உண்டாகும். சாப்பாடு பெருங்குடலை எட்டவே பல மணி நேரம் ஆகும் என்பதால் மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்ட ராஜ்மா மாலையிலோ இரவிலோதான் வேலையைக் காட்டும். பழி அப்போது கையில் இருக்கிற தயிர்க் கிண்ணத்தின் மேல் விழும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவது, தோலில் தடிப்பு, தொண்டை அடைப்பது, மூச்சுத் திணறல் வந்தால் அது ஒவ்வாமை. குறிப்பெல்லாம் அப்புறம், 112க்கு அழையுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாலோ பால் இனிப்போ சாப்பிட்டு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு கடமுடா என்று உருண்டு, நீராகப் போனால் பால் சர்க்கரையான லாக்டோஸைச் சந்தேகிக்கலாம். எண்ணெயில் ஊறிய பட்டூரா, மக்கனி கிரேவி சாப்பிட்டு உடனே படுத்தால் வருவது நெஞ்செரிச்சல். கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரம் எடுக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் கழித்து வரும் உப்புசத்துக்கு முந்தைய வேளையைப் பாருங்கள். மலச்சிக்கலுக்கோ முந்தைய இரண்டு மூன்று நாட்களைப் பார்க்க வேண்டும். பெருங்குடலில் மட்டுமே சாப்பாடு ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை தங்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "சாப்பிட்ட உடனே பாத்ரூம் போக வேண்டியிருக்கு, சாப்பிட்டது அப்படியே வெளியே போயிடுது" என்று பலர் பயப்படுவார்கள். போவது இப்போது சாப்பிட்டது இல்லை. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயல்பான அனிச்சைச் செயல். வெளியேறுவது நேற்றைய, முந்தாநாளைய கணக்கு.

நான்காம் படி: முதல் சில வாரங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்றத்தை மெதுவாக வையுங்கள்

குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் சாப்பாட்டுக்கு ஏற்ப மாறும், அதுவும் வேகமாக. 2014ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், சிலருக்கு ஐந்து நாள் முழுக்க முழுக்க மாமிச வகை உணவும், இன்னொரு கட்டத்தில் ஐந்து நாள் தாவர உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சில நாட்களுக்குள்ளேயே நுண்ணுயிர்களின் விகிதம் மாறத் தொடங்கியது, குறிப்பாக மாமிச உணவில். ஆனால் கூட்டம் மாறுவது ஒன்று, வயிறு அமைதியாவது இன்னொன்று. நார்ச்சத்து கூடியதால் வரும் வாயு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும்.

அதனால் வந்த மறுநாளே "ஊரோடு ஒத்து வாழ்" என்று நாலு ரொட்டியில் இறங்காதீர்கள். முதல் வாரம் ஒரு வேளை மட்டும், இரண்டு ரொட்டியும் கொஞ்சம் சோறும். வயிறு சத்தம் போடவில்லை என்றால் அடுத்த வாரம் கூட்டுங்கள். கூடவே தண்ணீரையும் கூட்ட வேண்டும். நார்ச்சத்து ஏறித் தண்ணீர் ஏறாவிட்டால் மலம் இறுகும். தில்லிக் குளிரில் இது இன்னும் மோசம். ஜனவரியில் தாகமே தெரியாது. குளிர்ந்த தண்ணீரைத் தொடவும் மனம் வராது. ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொள்வதுதான் வழி.

தலைவலியை இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் ஒரு நாளைக்கு மூன்று டபரா டிகாஷன் காபி குடித்தவர்கள் இங்கே சாய்க்கு மாறியதும் கஃபீன் சட்டென்று குறைகிறது. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரம்வரைகூட இழுக்கலாம். எரிச்சல், சோர்வு, மந்தம் எல்லாம் சேர்ந்து வரும். "தில்லி க்ளைமேட்" என்று நினைத்து மாத்திரை போடுவார்கள். காபியைப் படிப்படியாகக் குறைத்தாலே போதும். இல்லை, காபியை விடவே வேண்டாம். கரோல்பாக்கில் பொடி கிடைக்கிறது.

தில்லிக்கு வந்த கையோடு ஜிம்மில் சேர்ந்து அரிசி, ரொட்டி இரண்டையும் விட்டுவிடும் கூட்டம் ஒன்று உண்டு. முதல் வாரத்திலேயே தராசு ஒன்றரை, இரண்டு கிலோ குறைவாகக் காட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைகோஜன் கரைந்தால் தண்ணீரும் போகும். மறுபடி சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்ப வரும். அன்றைக்கு எடை ஏறியதைப் பார்த்துவிட்டு "எனக்குச் சோறே ஆகாது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஐந்தாம் படி: சந்தேகப்படும் உணவைச் சமைக்கும் முறையை முதலில் மாற்றுங்கள்

விலக்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

ராஜ்மாவை முதல் நாள் இரவே நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி கொட்டிய தண்ணீரோடு போய்விடும். தில்லியில் பல இடங்களில் வருவது கடினநீர்; அதிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தால் பருப்பின் தோல் மெத்தென்று ஆகாது. எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தினால் வித்தியாசம் கையில் தெரியும். ஒரு பருப்பை எடுத்து இரு விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரிக் குழைய வேண்டும்.

இதில் ருசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வேகாத ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி வரும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் எலக்ட்ரிக் ஸ்லோ குக்கரில் அது அழியாது. தளதளவென்று கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கர்தான் நம்பகமானது. பி.ஜி. அறையில் கெட்டிலை வைத்து ராஜ்மா பரிசோதனை செய்யும் வீரர்கள் கவனிக்கவும்.

பயறு வகைகளில் பாசிப்பருப்பிலிருந்து தொடங்கி, மசூர், துவரை என்று போய், கடைசியில் கொண்டைக்கடலைக்கும் ராஜ்மாவுக்கும் வருவது நல்ல வரிசை.

வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற ஒரே வகைச் சர்க்கரைத் தொடர் இருக்கிறது. அதனால்தான் "ரொட்டி ஆகலை" என்கிறவருக்குப் பல சமயம் ரொட்டியோடு வந்த கிரேவிதான் பிரச்சினை. ஒரு வாரம் ரொட்டியை வைத்துக்கொண்டு வெங்காயம், பூண்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே எண்ணெயில் பூண்டை வதக்கி, வாசம் இறங்கியதும் பூண்டை எடுத்து எறிந்துவிட்டால் ருசியும் கிடைக்கும், வயிறும் தப்பிக்கும். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது பெருங்காயம். பூண்டு வெங்காயம் சேர்க்காத நம் வீடுகள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

பால் விஷயத்தில் ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். லாக்டோஸைச் செரிக்கும் நொதி வளர்ந்த பிறகும் தொடர்ந்து சுரப்பவர்கள் வடக்கில் அதிகம், தெற்கில் குறைவு. ஆனால் நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு டம்ளர் பாலில் இருக்கும் அளவை, அதாவது சுமார் 12 கிராம் லாக்டோஸை, ஒரே தடவையில் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் கொஞ்சம் லாக்டோஸ் ஏற்கனவே நொதித்துக் குறைந்திருக்கும். பனீர் செய்யும்போது அது பெரும்பாலும் வடித்த நீரோடு போய்விடும். எனவே பனீர் ஆகாமல் போனால் அது மூழ்கிக் கிடக்கும் எண்ணெயைச் சந்தேகியுங்கள். உண்மையான ஆபத்து பாலைச் சுண்டக் காய்ச்சிய ரப்டியும் பெரிய குல்லடில் (மண் குவளையில்) வரும் பாலும்தான்.

கடுகெண்ணெயின் காரம் சிலருக்குத் தொண்டையில் பிடிக்கும். லேசாகப் புகை வரும்வரை காயவைத்து, அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம் தாளிப்பதுதான் இங்குள்ள வழக்கம், காரம் குறையும். எண்ணெயைச் சில்லறையில் அளந்து வாங்காமல் சீல் வைத்த பாக்கெட்டாகவே வாங்குங்கள். 1998ல் இதே தில்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் கண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இட்லி, தோசை தில்லிக்கு வந்தும் தொடர முடியும், தொடரவும் வேண்டும். மாவு புளிக்கும்போது உளுந்தில் உள்ள அந்த வாயுச் சர்க்கரைகளும் குறைகின்றன. சிக்கல் குளிர்காலத்தில்தான், டிசம்பரில் இரவு அரைத்த மாவு காலையில் அப்படியே சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், அல்லது பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி மூடிய அலமாரிக்குள் வையுங்கள். அப்படியும் ஒரு நாள் முழுக்க ஆகலாம். பொங்காத மாவில் இட்லி வார்த்துச் சாப்பிட்டுவிட்டு உளுந்தைத் திட்டக்கூடாது.

ஆறாம் படி: ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள்

சமையலை மாற்றியும் தொந்தரவு போகவில்லை என்றால், நோட்டில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வகையை மட்டும் இரண்டு வாரம் முழுதாக நிறுத்துங்கள். கோதுமை, பால், பருப்பு மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் வயிறு சரியாகலாம், ஆனால் எது காரணம் என்று தெரியாது. மூன்றையும் காலம் முழுக்கப் பயந்து ஒதுக்க வேண்டியதாகிவிடும்.

சரியாகிவிட்டதா? இப்போதுதான் பலரும் செய்யாமல் விடும் பகுதி. அதே உணவை முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு என்று திரும்பச் சாப்பிடுங்கள். மற்றவை எதுவும் அந்த மூன்று நாள் மாறக்கூடாது. தொந்தரவு திரும்பினால் காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த அளவில் திரும்பியது என்பதும் தெரிந்துவிடும். அரைக் கிண்ணம் ராஜ்மா தாங்கும் வயிறு ஒரு கிண்ணத்துக்கு முறைக்கலாம். வாழ்நாள் தடை எதற்கு? ஒவ்வாமை என்று சந்தேகம் இருக்கும் உணவை மட்டும் இப்படி வீட்டில் சோதிக்கவே கூடாது.

ஏழாம் படி: மாத்திரை சாப்பிடுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை

ஊரிலிருந்து பிள்ளைகளோடு தங்க வரும் அப்பா அம்மாவுக்கு இது ரொம்ப முக்கியம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சோற்றைச் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். "ரொட்டிக்கு மாறினால் சுகர் வராது" என்பதையும் நம்பிவிட வேண்டாம். அரிசியும் ஆட்டாவும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே அளவு கலோரிதான். ஆறு ரொட்டி சாப்பிட்டால் அது சோற்றுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுப்பவர்கள் தில்லிக் குளிர்காலத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நவம்பரிலிருந்து சர்சோன், பாலக், மேத்தி, பதுவா என்று கீரை மலைபோல் குவியும். அவற்றிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விட வேண்டியதில்லை; வாரா வாரம் அளவு ஒரே மாதிரி இருக்கட்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, சாய்க்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எட்டாம் படி: உணவு மாற்றமா, கிருமியா, நோயா?

மெஸ்ஸில் சாப்பிட்ட பலருக்கும் ஒரே நாளில் வாந்தி பேதி என்றால் அது கெட்டுப்போன சாப்பாடு அல்லது தண்ணீர். உங்களுக்கு மட்டும், அதே உணவுக்கு, திரும்பத் திரும்ப என்றால் அது உங்கள் வயிற்றின் குணம். மழைக்காலத்தில் கோல்கப்பா (பானி பூரி) தண்ணீரையும் வெட்டி வைத்த பழத்தையும் தவிர்த்தாலே முதல் வகையில் பாதி குறையும். பேதி வந்தால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பாதி பாக்கெட்டை டம்ளரில் போடுவதெல்லாம் கணக்கைக் கெடுக்கும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போவதும், இரும்புச்சத்து மாத்திரையால் கறுப்பாகப் போவதும் பயப்பட வேண்டியவை அல்ல.

ரத்தம் கலந்து போவது, இரும்பு மாத்திரை இல்லாமலே தார் போல் கறுத்துப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, விடாத காய்ச்சல், ரத்தசோகை, சிறுநீர் வெகுவாகக் குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கோதுமையால்தான் என்று சந்தேகம் வலுத்தால் ஒரு நோயைக் குறிப்பாகக் கேளுங்கள்: சீலியாக். கோதுமையிலுள்ள குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும் நோய் இது. இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தி 2016ல் வெளியான ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருப்பது தெரிந்தது. இதற்கான மரபணு வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை; வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் சராசரியாக ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். அதாவது, ஊரில் கோதுமை அதிகம் படாததால் வெளியே தெரியாமலிருந்தது தில்லி ரொட்டியில் தலைதூக்க வாய்ப்புண்டு. டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை முதல் படி, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. இரண்டுக்குமே ஒரு நிபந்தனை இருக்கிறது: கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் முடிவு சரியாக வரும். யூடியூப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் ரொட்டியை நிறுத்திய பின் ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். அதனால் இந்தச் சந்தேகம் இருப்பவர்கள் ஆறாம் படியில் சொன்னபடி கோதுமையை நிறுத்திப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.